கயிறு இருக்கிற பீடம்

பறங்கிக் கப்பல் நம்ம கடல்ல நங்கூரம் போட்டு நின்ன காலம். புன்னைத்துறைன்னு ஒரு ஊரு. வடக்கே கோயில்தெரு, மாதா கோயிலைச் சுத்திப் பரவமாருக. தெற்கே பள்ளித்தெரு, பள்ளிவாசலைச் சுத்தி மரைக்காயமாருக. ரெண்டு தெருவுக்கும் முத்துக்குளிப்புதான் பொழப்பு.

கோயில்தெருவுல கஸ்பார்னு ஒருத்தர் இருந்தாராம். கோயில்பிள்ளை. மாதா சொரூபத்தைத் துடைக்கிறது, விளக்கேத்துறது எல்லாம் அவரு பொறுப்பு. சொரூபம் வெள்ளைக்கல்லு. மூணு வயசுப் பிள்ளை உசரம்.

ஒருநாள் பறங்கிக்காரன் பீரங்கி வச்சுப் பள்ளிவாசல் சுவரை இடிச்சுட்டான். கோயில்தெருவுல சில பேரு கைதட்டிச் சிரிச்சாங்களாம். அந்த ஆத்திரத்துல பள்ளித்தெரு ஆளுக கோயிலுக்குள்ள புகுந்தாங்க. கஸ்பார் மண்டையை உடைச்சாங்க. மாதாவைத் தோணியில ஏத்திக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளிட்டாங்க.

மறுநாள் பட்டங்கட்டி, அதான் பரவமாரு தலைவரு, ஆள் விட்டாராம். “பொழுது சாயுறதுக்குள்ள மாதா கரைக்கு வரணும். வரலைன்னா பள்ளித்தெரு சாம்பல்.” சொன்னதோட நிக்கல. கரையில அம்பது பேரு உக்காந்து துணி கிழிச்சுப் பந்தம் சுத்துறாங்க.

அப்ப பள்ளித்தெருவுல இருந்து ஒருத்தன் தனியா நடந்து வந்தானாம். நூகுத்தம்பி. நேரா கஸ்பார் முன்னால நின்னான்.

“போட்ட இடம் எனக்குத் தெரியும். சுக்கான் பிடிச்சது நான்தான். முங்கி எடுத்துத் தாரேன். கயிறு பிடிக்கத்தான் ஆளில்ல.”

“ஏம்லே, ஒன் மச்சான் எங்கே?”

“சிலையைத் தூக்கக் கயிறு பிடிக்க மாட்டேன்னுட்டான்.”

முங்குறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். இடுப்புக் கயிறு ஆடினதும் இழுக்கணும். பிந்தினா உயிரு இல்ல. கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனும் துணிய மாட்டான்னு அப்படி ஒரு வழக்கம்.

கஸ்பார் தலைக்காயத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாராம். “இது ஒங்காளுக அடிச்சது. என்னை நம்பியா எறங்குறே?”

“நீரு கையை விட்டா நான் ஒருத்தன் போவேன். நான் எறங்கலைன்னா தெருவே போகும். எம் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம்.”

ரெண்டு பேரும் தோணி எடுத்தாங்க. எட்டுப் பாகம், அதான் எட்டு ஆள் ஆழம். முங்கினான், வெறுங்கை. மறுபடி முங்கினான், வெறுங்கை. பொழுது சரியுது. மூணாவது முங்கினான்.

கயிறு ஆடிச்சு. கஸ்பார் இழுத்தாராம். கனம்னா கனம், பொணக்கனம். இழுத்தாராம், இழுத்தாராம். தண்ணிக்குள்ள மாதா முகம் தெரிஞ்சது. கயித்து நுனியில மாதா. அவன் இல்ல.

தன் இடுப்புக் கயித்தை அவுத்து மாதாவைக் கட்டி விட்டிருக்கான். மணலைத் தோண்டியே மூச்சைத் தொலைச்சிருக்கான். மேலே குமிழி நாலு வந்துச்சு. அப்புறம் வரல.

இன்னும் ரெண்டு இழுப்புதான், மாதா தோணிக்குள்ள. ஆனா ரெண்டு இழுப்பு நேரம் அவனுக்கு இல்ல.

“தாயே, பொறுத்துக்கோ”ன்னாராம் கஸ்பார். கயித்தை விட்டாராம். குதிச்சாராம்.

கரையில தோணி முட்டினப்போ பொழுது சாஞ்சிருச்சு. பட்டங்கட்டி பந்தத்தோட நிக்காரு.

“மாதா எங்கே?”

“கைக்கு வந்தா. நான்தான் விட்டேன்.” நூகுத்தம்பியைத் தோள்ல போட்டுக்கிட்டே சொன்னாராம். “கொளுத்தணும்னா மொதல்ல எம் வீட்டைக் கொளுத்தும்.”

பட்டங்கட்டி ரெண்டு எட்டு வச்சாரு. கிட்ட வந்து நூகுத்தம்பி மூக்குல கை வச்சுப் பார்த்தாராம். “மூச்சு வருது. குப்புறப் போடுங்கலே”ன்னாராம். பந்தம் ஈரமணல்ல விழுந்துச்சு.

மாதாவை எட்டு நாள் தேடினாங்க. கிடைக்கல. புதுச் சொரூபம் தாரேன்னு பறங்கிக்காரன் சொன்னதுக்கு, வேண்டாம்னுட்டாராம் கஸ்பார்.

இன்னைக்கும் புன்னைத்துறைக் கோயில்ல நடுப்பீடம் காலிதான். முங்குகயிறு ஒரு சுருள் இருக்கும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருக்கா, திருவிழாக் கொடியேத்துற அன்னைக்கு, நூகுத்தம்பி வீட்டு வகையறா புதுக்கயிறு திரிச்சுக் கொண்டாந்து கொடுக்கணும்.

கொடுக்கும்போது பள்ளித்தெருக்காரரு கேலி பேசுவாரு. “என்ன மச்சான், கடைசியில சிலை இல்லாம எங்க வழிக்கே வந்துட்டீரே?”

கோயில்தெருக்காரரு விடுவாரா? “வந்தது யாரு மச்சான்? வருஷா வருஷம் கோயிலுக்குக் காணிக்கை தூக்கிட்டு வர்றது நானா, நீரா?”