பச்சைச் சீட்டு

– முதல்ல அடுப்பை அணை. அணைச்சுட்டு நிதானமா பதில் சொல்லு. காலைல எட்டு பத்துக்கு நீ ஒரு பச்சைச் சீட்டு எழுதியிருக்கே, யாரோ லிஃப்டுல மாட்டிக்கிட்டாருன்னு. ஞாபகம் இருக்கா?

– ஒரு நிமிஷம் இருங்க, போன் தோள்ல நிக்க மாட்டேங்குது.

– உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, அலுத்துப் போய்க் கழட்டி வெச்சு, மறுபடி மாட்டினவன் நான். இப்பவே சொல்லு.

– சரி, அணைச்சாச்சு. ஏங்க, என் ஷிப்டு ரெண்டு மணிக்கே முடிஞ்சுது. உங்க ஷிப்டுல உக்காந்துக்கிட்டு என் சீட்டை எதுக்குக் கிளறுறீங்க?

– அது இன்னும் மூடலை. மெக்கானிக்கை அனுப்பினதா ஒரு குறிப்பும் இல்லை. மணி மூணு ஆயிடுச்சு.

– பச்சைதானே. அவசரச் சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் பச்சைக்கு ஆள் போவாங்க. புதுசா கேக்கற மாதிரி கேக்கறீங்க.

– ஏழு மணி நேரமா தீராத சிவப்பா?

– இன்னைக்குக் காலைல என் காது என்கிட்ட இல்லை. கடல் தாண்டி எந்த ஊர்ல லிஃப்டு நின்னாலும் போன் நம்ம ஆபீசுக்கு வந்து நம்ம தலையிலதானே விடியுது. ஒருத்தன் ஃபார்எவர்னான், ஒருத்தி ஏஜஸ்னா. ஒருத்தர் டாங்கீஸ் இயர்ஸ்னு போன் கிழியற மாதிரி கத்தறாரு.

– கழுதை வருஷமா?

– சிரிக்காதீங்க. ரொம்ப நேரமா காத்திருக்கேன்னு சொல்ல அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நாம கண்ணு பூத்துப் போச்சுங்கற மாதிரி. வேர் விட்டுட்டேன்னு நம்ம ஆளுங்க சொன்னா நீங்க மண்வெட்டி எடுத்துட்டா போறீங்க?

– நான் சிரிக்கலைம்மா. அந்தக் கழுதை வருஷக்காரர் நிஜமா எவ்வளவு நேரம் உள்ள இருந்தார்?

– பன்னெண்டு நிமிஷம்.

– இந்தப் பச்சைக்காரர் என்ன சொன்னார்?

– எ லிட்டில் வைல். கொஞ்ச நேரமாத்தான் இருக்கேன்னார். அவசரமில்லை, மத்தவங்களைப் பாருங்கன்னும் சொன்னார். எந்தப் பேச்சுக்கு என்ன கலர்னு போட்டிருக்கற சார்ட்டுல அது பச்சைதான், பார்த்துக்குங்க.

– சார்ட்டை எழுதினது யாரு, டீச்சரம்மா?

– நான்தான். ரெண்டு வருஷம் கேட்டுக் கேட்டு எழுதினது. கத்தறவங்களை முதல்ல கவனிச்சதுல புகார் பாதியாக் குறைஞ்சுதுன்னுதான் கம்பெனில சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. நீங்கதான் ஆணி அடிச்சீங்க, கோணலா.

– உங்கம்மா ஆபரேஷன் அன்னைக்கு நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு லேட்டா வந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்கப்பா என்ன சொன்னார்?

– இப்ப எதுக்கு அது?

– சொல்லு.

– இப்பதான் வந்தேன் மாப்பிள்ளைன்னார்.

– எப்பலருந்து நின்னுட்டிருந்தார்?

– விடியறதுக்கு முன்னாடிலருந்து. ஏங்க, என்னைப் பயமுறுத்தாதீங்க.

– பயந்தாலும் பரவாயில்லை, வாய் வேலை செஞ்சாப் போதும். சீட்டுல லிஃப்டு நம்பர் ஒண்ணா ஏழான்னு புரியலை. ஒண்ணுன்னு நினைச்சு மெக்கானிக்கைக் கிளப்பிட்டேன். ஆனா ஒண்ணுக்கு அடிச்சா யாரும் எடுக்கலை.

– ஏழுங்க. பின்பக்கம் சாமான் ஏத்தற லிஃப்டு. அரதப் பழசு, பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டாத்தான் பேசவே முடியும். விரலை எடுத்தா லைன் போயிடும்.

– இரு, இன்னொரு போன்ல அவன்கிட்ட சொல்லிடறேன். ஏழு, பின்பக்கம். ஆமாப்பா, ஒண்ணு இல்லை. சாமான் லிஃப்டு. ஓடு. சொல்லியாச்சு, பத்து நிமிஷத்துல போயிடுவானாம்.

– அங்க இன்னைக்கு லீவுங்க. கட்டடத்துல ஈ காக்கா இருக்காது. பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்னார். வயசான குரல். அதைக் கேட்டும் நான் பச்சைல எழுதியிருக்கேன் பாருங்க.

– உன்னைத் திட்ட சாயங்காலம் இருக்கு. ஏழுக்கு அடிக்கிறேன்.

– எடுக்கறாரா?

– எங்கேஜ்டா இருக்கு.

– லிஃப்டு போன் எப்படி எங்கேஜ்டா இருக்கும்? அதுலருந்து நமக்கு மட்டும்தானே வரும்.

– அதான் எனக்கும் புரியலை. நம்மகிட்டதான் பேசிட்டிருக்கணும். ஆனா இங்க நாங்க மூணே பேர். யாரும் ஏழுல இல்லை. நீ எந்த மேஜைல உக்காந்தே?

– என் மேஜைலதான், ஜன்னலோரம். நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?

– பக்கத்து மேஜைல. உன் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை, அன்னைக்கே விழப் பார்த்தேன். உன் போன்ல ஒரு லைட்டும் தெரியலையே. மேல உன் சார்ட்டுதான் கெடக்கு. சுவத்துல பசை விட்டு விழுந்திருக்கு.

– அதை எடுங்க.

– இரு, எந்திரிச்சுப் போறேன்.

– எடுத்தாச்சா? ஏங்க, ஏதாவது பேசுங்க.

– கீழ ஒரு லைட்டு மினுக்குது. ஹோல்டுல இருக்கு. ஆறு மணி நேரம் ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு காட்டுது.

– ஐயோ கடவுளே. மெக்கானிக்கைப் பிடிச்சுட்டு வந்துடலாம்னு ஹோல்டுல போட்டேன். சரியா அப்பதான் கழுதை வருஷக்காரர் அடிச்சாரு. அப்புறம் நான் திரும்பவே இல்லை. எடுங்க, சீக்கிரம்.

– எடுக்கறேன். நீ லைன்லயே இரு.

– மூச்சு இருக்கான்னு பாருங்க முதல்ல. பேசறாரா?

– பேசறார். குரல்தான் கம்மிப் போயிருக்கு. ஆள் வந்துட்டே இருக்கான்னு சொல்லிட்டேன்.

– அப்பாடா. என்னைத் திட்டறாரா? திட்டட்டும். ஏஜஸ்னு சொல்லட்டும், ஃபார்எவர்னு சொல்லட்டும், கழுதை குதிரைன்னு என்ன வேணா சொல்லட்டும். இந்த வேலையே போனாலும் போகட்டும். என்ன சொல்றார்? ஏங்க, என்னதான் சொல்றார்?

– தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிக்கணுமாம். காலைல ஒரு அம்மா 'ஒரு நிமிஷம் இருங்க'ன்னு சொன்னாங்களாம். அந்த நிமிஷம் முடிஞ்சிருந்தா பட்டன்லருந்து விரலை எடுத்துக்கலாமான்னு கேக்கறார்.