சுவர் நோக்கிக் கேட்ட காலடிகள்

பணி நிறைவு பெறும் நரம்பியல் பேராசிரியர் அம்மாவுக்கு, அவர் வகுப்பறையில் நோயாளிகளாய் நடிக்கும் நாங்கள் வாசித்தளிக்கும் மடல்

நரம்பின் நுண்மொழி அறிந்த நல்லாசிரியரே! நடையைக் கேட்டே நோயை நாடிய நுண்செவியே! நலமாய் இருந்த எங்களை வாரந்தோறும் நோயாளியாக்கிய நாயகியே! வணக்கம்.

மருத்துவர்கள் அம்மாவின் பெருமைகளைப் பேசி முடித்துவிட்டார்கள். பட்டம் ஏதுமில்லாத நாங்கள் பாதத்தைப் பற்றித்தான் பேச முடியும். ஓய்வுபெற்ற தபால்காரர், மளிகைக் கடைக்காரர், தையல்கார அக்கா, பேருந்து ஓட்டுநர் என எங்கெங்கிருந்தோ வந்த எங்களுக்கு நோயாய் நடக்கக் கற்பித்தவர் தாங்கள். பாதம் தொங்கிப் பட்டென்று விழும் நடை, ஒரு பக்கம் செயலிழந்து அரைவட்டமாய் இழுபடும் நடை, தயங்கித் தயங்கித் தரையைத் தேய்க்கும் நடை. ஒவ்வொன்றையும் தாங்களே நடந்து காட்டினீர்கள். தையல்கார அக்கா வீட்டிலும் அப்படி நடந்து பழக, அவர் கணவர் பதறிப்போய் வண்டி பிடிக்க ஓடியதை இந்த அவை அறியுமா?

புதன்கிழமை வகுப்பு இப்படித்தான் நடக்கும். மாணவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். தாங்களும் ஒரு முக்காலியில் அவர்களோடு. நாங்கள் ஒவ்வொருவராய்ப் பின்னால் நடப்போம். "பார்க்கறதுக்கு முன்னாடி கேளுங்க கண்ணுகளா. கதவுகிட்ட வரும்போதே வர்றவங்க நோயில பாதியைக் காலடியிலயே சொல்லிடுவாங்க" என்பீர்கள்.

ஒரு புதனன்று, தபால்காரரை நலமானவராகவே நடக்கச் சொல்லியிருந்தீர்கள். நடந்தார். மாணவர்கள் ஒரே குரலில் "நார்மல்" என்றார்கள். தாங்கள் மட்டும் தலையசைக்கவில்லை.

"ஐயா, நடிக்க வேண்டாம்னு சொன்னேனே?"

"நடிக்கலைம்மா. இதுதான் என் நடை."

"போன மாசம் இது உங்க நடை இல்லையே. இன்னொரு தடவை நடங்க."

எங்கள் யார் காதுக்கும் எட்டாத ஓசையில் அவர் வலக்கால் நுனி தரையை உரசியிருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது, கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெருக்கத் தொடங்கியிருந்தது. காலத்தோடு அறுவை சிகிச்சை நடந்ததால், இன்று இந்த மேடைக்கு அவர் தம் காலாலேயே ஏறி வந்திருக்கிறார். "இத்தனை வருஷத்துல நான் ஒழுங்கா நடிச்சது அது ஒண்ணுதான். அதையும் நடிப்பில்லைன்னுட்டாங்க" என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்!

அம்மா, இனி வருகிறவர்களும் வல்லவர்களே, ஐயமில்லை. ஆனாலும், நம் நடையை மனப்பாடமாய் வைத்திருக்கும் ஒருவர் அங்கே முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார் என்ற தைரியம் இனி எங்கே கிடைக்கும்? கண்ணை மூடினால் அந்த முக்காலிதான் வந்து நிற்கிறது.

ஆகையால் வாழ்த்தோடு ஒரு விண்ணப்பம். பேருந்து ஓட்டுநர், தம் மகள் வீட்டோடு இருக்க வெளியூர் போய்விட்டார். எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது. அந்த இடத்துக்குத் தாங்கள் வாருங்கள்; பேராசிரியராக அல்ல, எங்களில் ஒருவராக. தேநீர் தருவார்கள். தப்பாய் நடந்தால் திட்டவும் இனி ஆளில்லை.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் நிமிர்ந்த நடையும் தங்களுக்கு வாய்க்கட்டும்! பதில் இப்போது வேண்டாம். புதன் காலை மாணவர்களோடு நாங்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். வருவது யாரென்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. தங்களிடம் படித்த காதுகள் இவை.

தங்கள் காலடிக்குக் காத்திருக்கும்,
நரம்பியல் வகுப்பின் நடிப்பு நோயாளிகள்