கண்ணாடிக்கு வைத்த பொட்டு

விழாத் தலைவர் வீரராகவன் அவர்களே! குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே கைதட்டக் காத்திருக்கும் பெரியோர்களே! ஹவுராவிலிருந்து படகு பிடித்து, பஸ் பிடித்து, பிள்ளைகளையும் பிடித்து இழுத்து வந்திருக்கும் தாய்மார்களே! பொங்கல் வணக்கம்!

கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் பூசும் பிரிவுக்காரன் நான். பூச்சு என்றாலே தடிமன் என்று நம்பியிருந்தவன். நம் வத்சலா அம்மையாரின் மகள், ஆய்வு மாணவி சுபிக்ஷா, அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டுவிட்டாள்!

கண்ணாடியை ஒரு கரைசலில் முக்குகிறாள், கழுவுகிறாள். முதலாவதற்கு நேரெதிரான மின்னூட்டம் கொண்ட மறு கரைசலில் முக்குகிறாள், கழுவுகிறாள். தூரிகை உண்டா? இல்லை! தேய்த்து ஒட்டவைக்க ஆள் உண்டா? இல்லை! ஒன்றையொன்று இழுத்து, தானே அடுக்கி, தானே படிகிறது மயிரிழையைவிட மெல்லிய படலம். அதில் மின்சாரம் பாய்ந்தால் படலமே விளக்கு!

யாரது, "லோட்ஷெட்டிங்ல எரியுமா?" என்பது? மின்வெட்டில் இந்த மைக் அணையாதிருந்தால் போதும் ஐயா!

சென்ற துர்கா பூஜை விடுமுறை. ஆய்வுக்கூடம் திறந்ததும் நிபுணர் குழு வருகிறது. விளக்கு எரிந்தால் ஆய்வு தொடரும். எரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பளிங்காகக் கழுவிய ஒரே கண்ணாடித் துண்டை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தாள். வந்தது ஆயுத பூஜை. அரிவாள்மனைக்குப் பொட்டு, தையல் மிஷினுக்குப் பொட்டு, மகளின் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு!

"ஐயோ அம்மா, அதுல விரல் பட்டாலே ஆகாதும்மா!"

"உன் ஆயுதம் அதுதானேடி? அதை மட்டும் எப்படி விடறது?"

சிரிக்காதீர்கள். அந்தப் பெண் அன்று அழுதாள். வேறு கண்ணாடி இல்லை. துடைத்தாள், கழுவினாள், படலம் ஏற்றினாள், குழுவின் முன் சுவிட்சைப் போட்டாள். பச்சை ஒளி! நடுவிலே கறுப்பாக ஒரு வட்டம்!

குழுத் தலைவி, வங்காளி அம்மையார், "எட்டா கீ?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்! மழுப்பினாளா? மறைத்தாளா?

"எங்க அம்மா வச்ச பொட்டு மேடம். சந்தனத்தோட எண்ணெய்ப் பசை நின்ன இடத்துல படலம் ஒட்டலை. படலம் இல்லாத இடத்துல வெளிச்சமும் இல்லை. எரியறது என் படலம்தான்னு அந்தப் பொட்டே சொல்லுது!"

பிழையையே சாட்சிக் கூண்டில் ஏற்றினாள்! குழு எழுந்து நின்று கைதட்டியது, ஆய்வு தொடர்கிறது. நெல்லையும் தஞ்சையும் வேலூரும் இந்த ஊரில் யாரும் பூசாமலே படிந்து நிற்கிறோமே, நமக்கல்லவா இந்தப் பெருமை!

ஆனால் மகள் அழுத அன்று முதல் அவள் மேசைப் பக்கமே போகாத தாய், இதோ கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து இருக்கிறார். அம்மா, மேடைக்கு வாருங்கள்! தட்டில் சந்தனம் இருக்கிறது. இம்முறை கண்ணாடிக்கு வேண்டாம். மகளின் நெற்றியில் வையுங்கள்!

கேட்ட செவிகளுக்கு நன்றி. எல்லோர் வீட்டிலும் ஒளி பெருகட்டும். வணக்கம்!