மறுகா என்று கேட்டவள்

— இல்ல உம்மா, சுத்தி வளைக்காம நேராச் சொல்றன். றாஹிலா சின்னும்மாட மையித்த நான்தான் குளிப்பாட்டணும். சம்மாந்துறைக்குப் போறன். நீங்களும் என்னோட வாங்க.

— என்ன சொன்னாய்?

— கேட்டிச்சுத்தானே.

— இன்னொருக்காச் சொல்லிப் பாரு. அந்தப் பேர இந்த வீட்டுக்குள்ள எடுக்கப்படாது, அந்த ஊருக்குப் போகக் கேக்கப்படாது எண்டு எத்தின தரம் சொல்லியிரிக்கன்? உனக்குப் பதினாறு வயசில ஒருக்காச் சொன்னன். உன்ட வாப்பா மௌத்தான அண்டைக்கும் சொன்னன்.

— மௌத்தாப்போன மனிசிட பேருக்கு என்ன பயம் உம்மா? நம்மட பள்ளியிலயே சுபஹுத் தொழுகைக்குப் பொறகு அறிவிச்சாச்சு. நீங்க தேத்தண்ணிக் கோப்பையப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே நிண்டீங்க. நான் பாத்தன்.

— மனைவி எண்டு சொன்னானுகள். ஸ்பீக்கர் போட்டு. ‘மர்ஹூம் அச்சிமுகம்மது அவர்களின் மனைவி.’ றோட்டு முழுக்கக் கேட்டிச்சு. அப்ப நான் ஆரு புள்ள?

— நீங்க மூத்தவ. அவ ரெண்டாவது. ஊருக்கே தெரிஞ்ச கதை.

— பட்டம் எடுத்த வாய்தானே, அப்பிடித்தான் கதைக்கும்.

— பட்டத்துக்கு முன்னமும் இந்த வாய் இப்பிடித்தான் உம்மா. லுஹர்த் தொழுகையோட அடக்கம். பத்து மணிக்குக் குளிப்பாட்டுவாங்க. இப்ப எட்டரை.

— அங்க பொம்புளயள் இல்லையாக்கும் குளிப்பாட்ட?

— இருக்காங்க. சொந்தத்தில ஒருத்தியும் இல்ல. புள்ள இல்ல, ராத்தா தங்கச்சி இல்ல. ஆரோ எவரோ தொட்டுக் கழுவி அனுப்பணுமா?

— நீ மட்டும் அவவுக்கு ஆரு?

— அதத்தான் சொல்ல வந்தன். இரிங்க உம்மா. இந்த மழையிலயும் கடல் இரைச்சல்லயும் பக்கத்து வீட்டுக்கு ஒண்டும் கேக்காது.

— இரிக்க மாட்டன். நிண்டுக்கிட்டே கேக்கன். சொல்லு.

— போன மாசம் பாராட்டு விழாவில மேடையில வெச்சுக் கேட்டாங்களே. ‘இந்த றோட்டில முதல் பட்டதாரி நீங்க, உங்கள இந்த இடத்துக்குக் கொண்டு வந்தது ஆரு’ எண்டு. நான் என்ன சொன்னன்?

— ‘என்ட உம்மா’ எண்டு சொன்னாய். அதுக்கு இப்ப என்ன?

— பொய் சொன்னன். முன் கதிரையில உங்கட முகத்தக் கண்டன். கண்டதும் பொய் வந்திட்டு. அண்டையில இருந்து எனக்கு நித்திரயே இல்ல.

— நித்திர இல்லாதவள்தான் விடிய விடியக் குறட்ட விட்டாயாக்கும்.

— உம்மா!

— சரி, அப்ப ஆரு அது? ஒழுவில் கம்பஸ் பஸ்ஸுக்கு எண்டு உன்ன ஆறு மணிக்கு எழுப்பி, சோத்தக் கட்டித் தந்து, றோட்டுவரைக்கும் குடையோட வந்தவ ஆருகா? அவவா?

— நீங்கதான். அத மறந்தா நான் மனிசியே இல்ல. ஆனா என்னப் பொத்தகம் எடுக்க வெச்சது அவ.

— கையெழுத்துக்குப் பெருவிரல் வெக்கிறவ. அவ உனக்கு என்னத்தப் படிப்பிச்சா?

— ஒண்டும் படிப்பிக்கல்ல. கேட்டா. வேற ஒண்டுமே செய்யல்ல உம்மா, கேட்டா.

— எங்க வெச்சுக் கேட்டா?

— வாப்பா சனிக்கிழமயில ‘வட்டைக்குக் கூட்டிட்டுப் போறன், புள்ள வெள்ளாமை பாக்கட்டும்’ எண்டு மோட்டர்சைக்கிள்ல ஏத்துவாரே. பத்து வயசில இருந்து. காரைதீவுச் சந்தியால திரும்பின உடன காத்து மாறும். உப்பு போயிடும், சேத்து மணம் வரும். ரெண்டு பக்கமும் பச்சை. அந்தப் பச்சைக்குள்ள ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால வாய்க்கால். அவ வாய்க்கால் கட்டில குந்தி, ரெண்டு காலையும் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, என்னையும் பக்கத்தில இருத்துவா. நான் பள்ளிக்கூடத்தில நடந்ததெல்லாம் சொல்லணும். நான் நிப்பாட்டினா, பொறகு என்ன எண்டு விடமாட்டா, ‘மறுகா?’ எண்டு கேப்பா.

— மறுகா.

— அவ்வளவுதான். ‘மறுகா புள்ள?’ நான் சொல்லச் சொல்ல என்ட வாயையே பாத்துக்கிட்டிருப்பா. நெல்லுக் காயப்போட்டது மழைக்குள்ள கிடக்கும், எழும்ப மாட்டா. வாப்பா சத்தம் போடுவார். ‘பொறுங்க, புள்ள பூமி சுத்துறதச் சொல்லிக்கிட்டிருக்கா’ எண்டுவா.

— நெல்ல மழையில விட்டவளா? அல்லாட காவல். அந்த மனிசன் எப்பிடிப் பொறுத்தார்?

— ஒரு நாள் கேட்டா, ‘இந்தத் தண்ணி எங்கயிருந்து வருகுது?’ ‘குளத்தில இருந்து’ எண்டன். ‘குளத்துக்கு?’ ‘மலையில இருந்து.’ ‘மலைக்கு?’ ‘மழை.’ ‘மழைக்கு?’ எனக்குத் தெரியல்ல. திங்கக்கிழமை ரீச்சருக்குப் பின்னால திரிஞ்சு கேட்டு, வாற சனிக்கிழமை வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சிருந்து போய்ச் சொன்னன், கடல்ல இருந்து எண்டு. அவ அப்பிடியே இருந்தா. கால ஆட்டல்ல. பைய ஒரு கை தண்ணிய அள்ளிப் பாத்திட்டுக் கேட்டா, ‘உங்கட உம்மாட கடல்ல இருந்தா என்ட வாய்க்காலுக்குத் தண்ணி வருகுது?’

— என்ட கடலா?

— அப்பிடித்தான் சொல்லுவா. கல்முனைக் கடல் உம்மாட கடல். அவ கடலையே கண்டதில்ல, தெரியுமா?

— நாலு கட்டைத் தூரத்தில கிடக்கிற கடலயா?

— ‘நிந்தவூர்க் கடலப் போய்ப் பாக்கலாமே’ எண்டு கேட்டன். ‘கடல் ஒண்டுதானே புள்ள, எங்க போய் நிண்டாலும் உங்கட உம்மாட முன்னாலதானே நிக்கணும்’ எண்டா. சொல்லிட்டுச் சிரிச்சா.

— என்ட மனிசன எடுக்கக்க வராத வெக்கம் கடலப் பாக்கத்தான் வந்திச்சாக்கும்.

— நீங்க சொல்றது சரி. நான் அவவுக்கு வக்கீல் இல்ல உம்மா. உங்களுக்கு அவ செஞ்சது செஞ்சதுதான். எனக்கு அவ செஞ்சது வேற. புவியியல் எண்டு ஒரு பாடம் இருக்கெண்டே தெரியாத வயசில எனக்கு அந்தப் பாடத்துக்கு ஒரு ஆள் இருந்திச்சு. கம்பஸில முதல் நாள் ‘ஏன் இந்தப் பாடத்தத் தெரிஞ்செடுத்தீங்க’ எண்டு கேட்டாங்க. ‘ஒராளுக்குப் பதில் சொல்லணும்’ எண்டன். எல்லாரும் சிரிச்சாங்க. ஓம், சிரிக்கட்டும். மூணு வருசமும் நான் எழுதின ஒவ்வொரு தாளும் அந்த ஒராளுக்குத்தான்.

— இதெல்லாம் மேடையில சொல்லியிரிக்கலாமே.

— தைரியம் வரல்ல. இண்டைக்கு விடியக்க ஒரு கனவு கண்டன். அவ நம்மட கடற்கரையில நிக்கா. தண்ணி கெண்டைக்கால் அளவு. அலையில்ல, இரைச்சல் இல்ல, வாய்க்கால் மாதிரியே கடல் அசையாமக் கிடக்கு, வள்ளமெல்லாம் வயலுக்குள்ள நிக்கு. கிறுகி என்னப் பாத்து ‘மறுகா?’ எண்டா. எனக்கு ஒரு சொல்லும் வரல்ல. வாயெல்லாம் உப்பு. முழிச்சா பாங்கு சொல்றாங்க. மறுகா, ஸ்பீக்கரில அவட பேர்.

— என்ட கனவிலயும் வாறா.

— உங்கட கனவிலயா?

— நாலு வருசமா. கதைக்க மாட்டா. மழையில நிப்பா. முந்தானையால தண்ணி வடியும். நான் தூக்கத்துக்குள்ளயே, எழும்பித் துவாய் எடுக்கணும் எண்டு நெனப்பன். எழும்ப ஏலாது.

— வாப்பாட முகம் பாக்க வந்த அண்டைக்குப் போல.

— அதக் கதைக்காத.

— கதைக்கத்தான் வேணும். ஆட்டோவால இறங்கி, கேற்றப் புடிச்சிக்கிட்டு, ‘ராத்தா, ஒருக்கா முகத்தப் பாத்திட்டுப் போயிடுறன்’ எண்டா. நீங்க பூட்டத் திறக்கல்ல.

— இது என்ட வீடு. என்ட உம்மா என்ட கலியாணத்துக்கு எழுதித் தந்த வீடு. இஞ்ச ஆரு வரணும், ஆரு வரப்படாதெண்டு நான்தான் சொல்லுவன். வெள்ளாமைக்கெண்டு போன மனிசன் அங்க ஒரு குடும்பத்த வெச்சிட்டு வந்து, என்ட வீட்டுக்குள்ளயே மௌத்தானார். அந்த முகமாவது எனக்கு மட்டும் இரிக்கட்டும் எண்டு நெனச்சன். பிழையா?

— பிழை எண்டு நான் சொல்லல்ல. பூட்டுக்குத் திறப்பு ரெண்டு. மத்தது என்ட கையில கிடந்திச்சு.

— என்ன?

— ஜன்னலுக்குள்ளால பாத்துக்கிட்டு நிண்டன். இருவது வயசுக் குமர், கம்பஸில வருசம் ஒண்டு முடிச்சவள், நியாயம் கதைக்கிறவள். அவ என்னக் கண்டா. கூப்பிடல்ல. கையக்கூடக் காட்டல்ல. நான் திரைச்சீலைய இழுத்து விட்டன். உம்மா, எனக்கு உங்களோட கோவமில்ல. அந்தத் திரைச்சீலைய இழுத்த கையோடதான் கோவம். அழாதீங்க.

— ஆரு அழுறா? புகை.

— அடுப்பு விடியத் தேத்தண்ணியோடயே அணைஞ்சிட்டு.

— புள்ள, நீ அங்க போறது எனக்குத் தெரியும்.

— எப்ப இருந்து?

— ரெண்டாவது சனிக்கிழம.

— வாப்பா சொன்னாரா?

— அந்த மனிசனுக்கு வாய் ஏது? உன்ட தலை சொன்னிச்சு. நான் ரெண்டு பின்னல் போட்டு அனுப்புவன். நீயும் ரெண்டு பின்னலோடதான் வருவாய், கள்ளி. ஆனா நான் பிரிய மேலால எடுத்துப் பின்னுவன். நீ வரக்க எல்லாம் கீழால எடுத்துக் கிடக்கும். வாய்க்கால்ல குளிச்ச தலையக் காயவெச்சு, அவ பின்னி விட்டிரிக்கா. என்ட புள்ளட தலைக்குள்ள வேறொருத்திட விரல். நான் ஒண்டும் கேக்க மாட்டன். அவிழ்த்து, எண்ணெய் வெச்சு, திரும்பப் பின்னுவன். ஆறு வருசம் பின்னினன்.

— ஏன் உம்மா கேக்கல்ல?

— என்னத்தக் கேக்க? அங்க போயிட்டு வந்தா பொத்தகமும் கையுமாத்தான் இரிப்பாய். சோத்துக்குக் கூப்பிட்டாலும் வராய். போகாத கிழமயில கூரையப் பாத்துக்கிட்டுக் கிடப்பாய். நான் அஞ்சாம் வகுப்பு. நீ பூமி, சூரியன் எண்டு என்னவும் சொல்லிக்கிட்டு வந்தா, ‘சரி சரி, முகத்தக் கழுவு’ எண்டுதான் என்ட வாயில வரும். எனக்கு மறுகா எண்டு கேக்க வராதுகா. கேக்கிற ஒருத்தி கிடக்கிறா, கேட்டிட்டுப் போகட்டும் எண்டு விட்டன்.

— அப்ப பதினாறில ஏன் மறிச்சீங்க? ‘பெரிய புள்ளயள் வட்டைக்குப் போகப்படாது’ எண்டு?

— உனக்குக் காய்ச்சல். ஈரத்துணி போட்டுக்கிட்டுப் பக்கத்தில இரிக்கன். கண்ணத் திறக்காம ‘சின்னும்மா’ எண்டு கூப்பிட்டாய். அதோட முடிஞ்சிட்டு. மேடையில நீ சொன்னதும் பொய் எண்டு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுமா அப்பிடி அழுதீங்க?

— பொய் எண்டாலும் கேக்க நல்லா இருந்திச்சு புள்ள. நாலு பேருக்கு முன்னால.

— வாங்க உம்மா. ரெண்டு பேருமாப் போவம்.

— கூப்பிடாத. என்ட கால் வராது. அவ மௌத்தானதால நான் நல்லவளாகிட ஏலாது. இரு, சொல்லிவிடுறன். பொம்புள மையித்துக்குத் தலமயிர மூண்டு பின்னலாப் பின்னி முதுகுப் பக்கம் போடணும். இழுத்துப் பின்னப்படாது. உனக்கு உன்ட தலையே பின்னத் தெரியாது.

— அப்ப நீங்க வந்து பின்னுங்களன்.

— போடி. அது என்ன சத்தம்? ஆட்டோவா?

— வீரமுனைப் பாக்கியராசா அண்ணன்ட. நம்மட றோட்டு ஆட்டோவக் கூப்பிட்டா உங்களிட்டக் கேட்டிட்டுத்தான் ஸ்டார்ட்டே பண்ணுவானுகள்.

— அப்ப எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் இவ்வளவு நேரமும் என்னோட கதைச்சாயா?

— போறதுக்கு உத்தரவு கேக்கல்ல உம்மா. உங்களையும் கூட்டிட்டுப் போகலாம் எண்டு பாத்தன்.

— நில்லு, பஸ்மினா. செருப்பப் போட்டாச்சா? போறதெண்டாப் போ. ஒண்டு மட்டும் கேளு. அங்க நூறு பொம்புளயள் இரிப்பாங்க, நீ ஆரு எண்டு கேப்பாங்க. ஸுஹைறாட மகள் எண்டு சொல்லு. மூத்த பொஞ்சாதிட மகள், மனிசத் தன்மைக்கு வந்திரிக்கா எண்டு சொல்லு. எனக்கு அது போதும். என்ட பேர் நிண்டிடும்.

— அத என்னால சொல்ல ஏலாது.

— ஏன் ஏலாது? பொய்யில்லையே அது?

— பொய்யில்ல. ஆனா பிந்திட்டு உம்மா. சுபஹுக்குப் பொறகே அங்க பக்கத்து வீட்டுக்குக் கோல் எடுத்திட்டன். அவவுக்கு மகள் ஒருத்தி இருக்கா, கல்முனையில இருந்து வந்துக்கிட்டிருக்கா, மகள் வந்து சேராம ஒருத்தரும் தண்ணி ஊத்தப்படாது எண்டு சொல்லிட்டன்.