இரண்டாவது நோட்டில் இருந்த வருடம்

செய்தித்தாளை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்தில் இருப்பவை முடிவதே இல்லை. இன்று சொன்னதை நாளைக்கும் சொல்வார்கள். விளையாட்டுப் பக்கத்தில் எல்லாம் முடிந்திருக்கும். யார் ஜெயித்தார்கள், எந்த ஊரில், எவ்வளவு வித்தியாசத்தில் என்று இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

மேடம், நேற்று நீங்கள் கேட்டபோது நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது திமிரால் இல்லை. வெளியாட்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்பில் நான் 'உள்ளேன்' சொல்வது டீச்சருக்குக் கேட்காது. வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களிலேயே எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. அதனால்தான் பேப்பர் கேட்டேன். எழுதினால் எனக்கு எல்லாம் சரியாக வரும்.

உங்கள் மேசையில் என் நோட்டுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் 2024ஆம் வருடத்தின் விளையாட்டு முடிவுகள்தான், இரண்டும் என் கையெழுத்துதான். எது உண்மை என்று கேட்டீர்கள். நீல அட்டை போட்டது உண்மை. பழுப்பு அட்டை போட்டது என் அண்ணன் ஜோசுவாவுக்காக எழுதியது.

அண்ணன் ஓட்டக்காரன். நூறு மீட்டரைப் பதினோரு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஓடுவான். அந்த ஓட்டத்துக்காகத்தான் காலேஜில் இடம் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் படிக்கும்போது செவிலிமேடு பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்தான். கை கால் எல்லாம் தப்பித்தது. கண் நரம்பு போய்விட்டது. இனிப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா லில்லி ஏனாத்தூரில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "அவன ஒண்டியா வுட்டுட்டுப் போவ முடியுமா ஷாரோன்? ஒரு வருசம் நின்னுக்கமா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். பள்ளியிலிருந்து நின்றதற்கு நான் அழவில்லை. ஆப்சென்ட் போடுகிறவர்கள் இல்லாத ஓர் இடம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

அண்ணனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஒன்பது அடி வைப்பான், கையால் தொடுவான், திரும்புவான். நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். நான் சமையல் செய்யும்போதும் என் கால் தானாக அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். டிவி சத்தம் கேட்டால் கத்துவான் என்று அம்மா அதை அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் பேப்பர் படித்தால் மட்டும் நின்று கேட்பான். பக்கத்து வீட்டுத் தறி ஓய்கிற மதிய நேரத்தில் படிப்பேன். அப்போது என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்கும். தடுமாறாது.

அவனுடைய போன் என்னிடம் இருந்தது. பார்வை இல்லாதவர்களுக்குப் போனே படித்துச் சொல்லும் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவன் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நண்பர்கள் வந்தால் தூங்குகிறான் என்பேன். உண்மையில் சில சமயம் தூங்கிக்கொண்டும் இருந்தான்.

ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நாற்பத்து மூன்று வயது இந்தியர் ஒருவர் டென்னிஸ் இரட்டையர் பட்டம் வென்றார். அதைப் படித்ததும் அண்ணன் சிரித்தான்.

"நாப்பத்திமூணா? சும்மா அளந்துக்கினு இருக்காத."

"போட்டிருக்குதுண்ணா."

"அப்போ எனக்கு இன்னும் இருவது வருசம் இருக்குது."

அன்று முழுக்க வேகமாக நடந்தான். சாயங்காலம் கதவு எங்கே என்று தடவிக்கொண்டு போய், வெளியே அழைத்துப் போகச் சொன்னான். பழைய நண்பர்களைப் பற்றிக் கேட்டான். வெற்றிச் செய்தி படித்த நாட்களிலெல்லாம் அப்படித்தான் என்பதைக் கவனித்தேன். அவன் கால் வாசல் பக்கம் போகும்.

மே மாதம் சென்னை அணி பெங்களூரிடம் இருபத்தேழு ரன்னில் தோற்று வெளியேறியது. பதினெட்டு ரன்னுக்குக் குறைவாகத் தோற்றிருந்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம். அதைப் படித்த அன்று அண்ணன் நடக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீயும் இல்லேன்னா நான் இன்னாமா பண்ணுவேன்" என்றான். அந்த வருடத்தில் வீடு அமைதியாக இருந்த முதல் நாள் அது.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மறுநாள் படித்தேன். தென்னாப்பிரிக்காவுக்கு முப்பது பந்தில் முப்பது ரன் வேண்டும், ஆறு விக்கெட் கையில் இருக்கிறது என்ற இடம்வரை உள்ளதை உள்ளபடியே படித்தேன். அண்ணன் அறையின் நடுவில் நின்றான்.

"அப்புறம்?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

நான் மாற்றியது அந்த ஒரு சொல்லைத்தான்.

"அப்போ ராத்திரி தெருவுல அவ்ளோ வெடி வெடிச்சாங்களே?"

"பெருமாள் கோயில் புறப்பாடுண்ணா."

இந்த ஊரில் ஏதாவது ஒரு கோயிலில் ஏதாவது ஒரு புறப்பாடு இருந்துகொண்டே இருக்கும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எந்தச் சாமி எந்த நாளில் வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்கு தெரியாது. அவன் தலையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்குத்தான் பழுப்பு நோட்டு வாங்கினேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோனால் மாட்டிக்கொள்வேன். ஒரு அணியைத் தோற்கடித்தால் அடுத்த சுற்றில் யார் ஆடுவது, பட்டம் யாருக்கு என்று எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை. ஸ்பெயின் இரண்டு, இங்கிலாந்து ஒன்று. அண்ணனுக்கு ஸ்பெயின் பிடிக்கும். பழுப்பு நோட்டில் எண்களை இடம் மாற்றினேன். பாரீஸ் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் ஆறு மீட்டர் இருபத்தைந்து சென்டிமீட்டர், உலக சாதனை. குறுக்குக் கம்பி விழுந்துவிட்டது என்று படித்தேன். இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு பதக்கங்களையும் எடுத்துவிட்டேன். நூறு கிராம் எடை கூடிப்போனதற்காக மல்யுத்த வீராங்கனை ஒருவரை இறுதிப் போட்டியிலிருந்து நீக்கியதை மட்டும் அப்படியே படித்தேன். அதில் மாற்ற எதுவும் இல்லை.

உலகமே தோற்றுக்கொண்டிருந்தால், தான் மட்டும் தோற்கவில்லை என்று அவனுக்கு ஆறுதலாக இருக்கும் அல்லவா? நோயாளிக்கு உப்பைக் குறைத்துப் போடுவார்கள், அதுபோல. அது தவறு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆகஸ்டில் அவன் ஷேவ் செய்துகொள்வதை நிறுத்தினான். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நடக்கும் சத்தம் நின்றுபோனது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. ஒன்பது அடிகளையும் நான் நடக்க ஆரம்பித்தேன்.

பாராலிம்பிக் போட்டிகள் நடந்ததையே நான் அவனிடம் சொல்லவில்லை. நீல நோட்டில் இருக்கிறது, பாருங்கள். இந்தியாவுக்கு இருபத்தொன்பது பதக்கங்கள், அதில் ஏழு தங்கம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான இருநூறு மீட்டர் ஓட்டத்தில் இந்தியப் பெண் ஒருவருக்கு வெண்கலம். கூட ஓடுகிறவரின் கையையும் அவர் கையையும் ஒரு சின்னக் கயிற்றால் இணைத்திருப்பார்கள். அந்தப் படத்தை வெட்டி ஒட்டினேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் காசிநாதன் சார் வந்தார். அண்ணன் பள்ளியில் ஓடியபோது பி.டி. மாஸ்டராக இருந்தவர். தூங்குகிறான் என்று நான் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாடா ஜோசுவா இது, தாடியும் நீயும்? சாமியாரா போவப் போறியா?"

"ஓடவா போறேன் சார்?"

"ஓடத்தான் போற. பாரீஸ்ல இருபத்தொம்போது மெடல்டா! கண்ணு தெரியாதவங்க எப்படி ஓடினாங்க தெரியுமா? உன் தங்கச்சி படிச்சிக் காட்டலியா?"

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தை என் பக்கம் திருப்பினான். நான் எங்கே நிற்கிறேன் என்பது அவனுக்கு எப்போதும் தெரியும்.

"பாரீஸ்ல நமக்கு ஒண்ணுமே வரலியே சார்."

"யார்ரா சொன்னது? வருசமே நம்ம வருசம்டா. வேர்ல்ட் கப் நம்மது, செஸ் ஒலிம்பியாட்ல ஆம்பள, பொம்பள ரெண்டு தங்கமும் நம்மது. நீ எந்த ஊர்ல இருக்குற?"

சார் போன பிறகு நீல நோட்டை எடுத்து ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சிரித்தான். நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஒரு வருசத்தையே தோக்கடிச்சிட்டியேமா. கில்லாடி நீ." பிறகு, "இனிமே வேணாம், இன்னா?" என்றான். அதோடு முடிந்தது. அன்றைக்கே ஷேவ் செய்துகொண்டான். அவனுக்கு என்மேல் கோபப்படக்கூட நேரம் இல்லை. வாசலுக்குப் போய்விட்டான்.

ஜனவரி முதல் வாரம் சென்னையில் பார்வையற்ற ஓட்டக்காரர்களுக்கான தேர்வு. தேர்வானால் அங்கேயே விடுதியில் தங்கிப் பயிற்சி. கயிறு பிடித்துக் கூட ஓட ஒருவர் தயாராக இருக்கிறார் என்று சார் சொன்னார். நான் ஓடக் கூடாதா என்று கேட்டேன். வெளியாள் ஒருவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீயா? கூட ஓடுறவங்க அவனவிட வேகமா ஓடணும்மா. நீ பஸ்ஸுக்கே ஓட மாட்டியே" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

சென்னை போகும்வரை பயிற்சிக்குச் சத்தம் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. தார் ரோடு மட்டும் நேராகப் போகும். ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் நான். நான் கை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் சத்தத்தை நோக்கி ஓடி வருவான். "மாடோ நாயோ குறுக்க வந்தா கத்தாதமா. தட்டுறத நிறுத்து, அவ்ளோதான். சத்தம் நின்னா அவன் நிப்பான்" என்று சார் சொல்லிக் கொடுத்தார். வேறு யாரையாவது வைக்கலாமா என்றும் கேட்டார். அண்ணன்தான், "ஷாரோனே தட்டட்டும் சார், எனக்கு அவதான் பழக்கம்" என்றான். அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரியும், மேடம். தெரிந்துதான் சொன்னான்.

இரண்டு மாதம் தட்டினேன். ஒரு நாளும் தவறு செய்யவில்லை. பதினைந்து அடி இருக்கும்போது நிறுத்துவேன். மூச்சிரைக்க என் எதிரே வந்து நிற்பான். என் தலையில் தட்டி, "எத்தினி செகண்டு?" என்பான்.

டிசம்பர் மழையில் மனைகளில் தண்ணீர் தேங்கியது. குழாய் பதிக்க அந்த ரோட்டின் கடைசியில் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள். என் இடுப்பளவு ஆழம். அடியில் ஜல்லியும் கம்பியும் கிடந்தன. இந்தப் பக்கம் இரண்டு கழிகள் நட்டு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும்போது பார்த்தேன். அண்ணனிடமும் சாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திங்கட்கிழமை காலை ஆறு மணி. சார் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அண்ணனை வழக்கமான மனைக்கல்லின் பக்கத்தில் நிறுத்தினேன். ரோட்டின் முனைக்கு நடந்து போனேன். ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி ஒரு கல்லின்மேல் வைத்தேன். ஓடி வரும் வேகத்தில் அது அவன் கழுத்தில் மாட்டியிருந்தால் ஆபத்து. ஆட்கள் போட்டிருந்த பலகையில் நடந்து பள்ளத்தின் அந்தப் பக்கம் போனேன். தட்டத் தொடங்கினேன்.

அவன் அன்று மிக நன்றாக ஓடினான். கை விரித்தபடி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தான். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. அது எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தட்டிக்கொண்டே இருந்தேன். அவன் கீழே போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

நீல நோட்டின் கடைசிப் பதிவு அதுதான்: "டிசம்பர் 23, செவிலிமேடு. ஆண்கள் நூறு மீட்டர். ஓடியவர் ஒருவர். முடிக்கவில்லை."

அவனுக்கு வலது முழங்கால் உடைந்திருக்கிறது. நடப்பான், ஓட மாட்டான் என்கிறார்கள். கல்லின்மேல் சுருட்டி வைத்த ரிப்பனை சார் பார்த்துவிட்டார். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். ஆனால் அண்ணன் உங்களிடம், "என் தங்கச்சி தட்டுறத நிறுத்திட்டா, நான்தான் நிக்கல" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அது தவறான முடிவு. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் நிறுத்தவில்லை. பள்ளம் இருப்பது தெரியும். அவன் விழ வேண்டும் என்றுதான் தட்டினேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவ்வளவு ஆழம் இல்லை, முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன்.

இதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக என்னை விடுங்கள், மேடம். அங்கே அவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். என்னை இனி அறைக்குள்ளேயே விட வேண்டாம் என்று அவன் சொன்னதாக அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அம்மாவுக்கு எதையும் கேட்டபடி சொல்லத் தெரியாது.