வாசலுக்கு இடப்பக்கம் இருந்த பானை

பொறுமை இருந்தால் குமிழி வராமல் பிசின் ஊற்ற யாருக்கும் வரும், ஐயா. இந்த யோக்யகர்த்தாவில் என்னளவுக்கு யாருக்கும் வராது என்பது வேறு விஷயம்.

என் கணவர் ஜத்மிகோ சிற்பி. கல்லையும் மரத்தையும் தொட்டதில்லை. அறுந்த செருப்பு, எரிமலைச் சாம்பல், என் கல்யாண ரவிக்கை என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து வைப்பார். அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி இறுகும் பிசினை ஊற்றுவது நான்.

எங்கள் மகள் கினாசி பிறந்தபோது நஞ்சுக்கொடியைக் கழுவி, ஊசியும் உப்பும் பென்சிலும் சேர்த்துப் பானையில் வைத்து, வாசலுக்கு இடப்பக்கம் புதைத்தவர் அவர்தான். இங்கே அது அப்பன் வேலை. நஞ்சுக்கொடி குழந்தையின் உடன்பிறப்பு என்பார்கள். யாரும் தோண்ட மாட்டார்கள். அவளுக்கு ஆறு வயதானபோது அவர் தோண்டினார்.

"அதை எடுத்தா பொண்ணுக்கு ஆகாதுங்க" என்றேன்.

"நான் புதைச்சது, நானே எடுக்கறேன். உனக்கென்னடி வலிக்குது? பேசாம பிசினைக் கலக்கு."

கலக்கினேன். பானையைச் சுற்றி ஊற்றினேன். மூன்றாம் வாரம் கினாசிக்குக் காய்ச்சல். டெங்கு என்றார் டாக்டர். ஐந்தே நாளில் போய்விட்டாள். டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் பானையைத் தோண்டியது அந்த மனிதர். நாற்பதாம் நாள் சோறு ஆறுவதற்குள் பானையைக் கண்காட்சிக்கு அனுப்பினார். வந்தவர்களிடம், "எம்பொண்ணு இதுக்குள்ளதான் இருக்கா" என்று தழுதழுத்தார். பாவி.

அடுத்து, தன் முகத்தையே அச்செடுக்கச் சொன்னார். மல்லாந்து படுத்தார். முகம் முழுக்க பிளாஸ்டர் குழைத்துப் பூசினேன். மூச்சுக்கு மூக்கில் இரண்டு குழாய். ஜூஸ் குடிக்கிற குழாய்தான். கைகளைப் பெஞ்சோடு கட்டச் சொன்னதும் அவரே; அசைந்தால் அச்சு கெட்டுவிடுமாம். குழாய்க்கு ஒன்றாக இரண்டு கட்டைவிரலையும் வைத்தேன். பெரிதாக அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. அச்சு சுத்தமாக வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

எல்லாம் என் மகளுக்காகத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டீர்கள். பானையைத் தோண்டிய அன்று இல்லை. மகளை அடக்கம் செய்த அன்றும் இல்லை. கண்காட்சியில், பானைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தபோது. அவர் பெயர் இருந்தது. மகள் பெயரும் இருந்தது. பிசின் ஊற்றியவள் பெயர் இல்லை.