எஞ்சின் ஆறுவதற்குள்

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். மூடுபனி விலகாமல் இன்றைக்கு யாரும் வீடு போகப் போவதில்லை. இது என் சகலை லோரிஸுக்கு நடந்தது. அவன் சொல்வதில் பாதி சரடு. ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

இரவு பதினொரு மணி. பனாரோ ஆற்றங்கரைச் சாலை. கடைசி பஸ் போய் வெகு நேரமாகிவிட்டது... அந்தச் சாலையில் எரிந்த ஒரே விளக்கு லோரிஸின் பட்டறை விளக்கு. அது எரிந்ததற்குக் காரணம் அவனுடைய கைத்திறமை. வால்வு இடைவெளியைச் சரிசெய்யப் போடும் ஷிம் தகடு, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், விரலிலிருந்து வழுக்கி... கிளிங்... கிளிங்... எஞ்சினுக்குள் சங்கிலி ஓடும் பள்ளத்தில் போய் விழுந்தது. எத்தனையோ வருஷ அனுபவம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கூட இப்படிச் செய்ய மாட்டான்.

எடுக்காமல் விட முடியாது. காந்தக் கம்பியை விட்டுத் துழாவினான். இடுப்பு விட்டுப்போயிற்று. மூட்டு இரண்டும் தனித்தனியாகப் புகார் செய்தன. சாப்பிட எடுத்துவந்த சூப் மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது. கம்பிக்கு எட்டாமல், கடைசியில் கம்பியோடு கையையும் உள்ளே விட்டான்.

உள்ளே சூடாக இருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றான். வால்வு இடைவெளியைச் சூட்டில் அளந்தால் அளவு பொய். எஞ்சின் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்து ஆற வேண்டும். அதனால்தான் முந்தைய நாள் சாயங்காலம் லாரியில் ஏற்றி வந்து இறக்கிய வண்டியை அவன் ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. ஆனால் காலையில் தொட்டால் கதகதப்பு. கூட வேலை பார்க்கும் நீவெஸ்தான் ராத்திரி ஓட்டிப் பார்த்தாள் என்று அவள்மேல் பாய்ந்தான். "சாவி உன் பாக்கெட்டுல, பழி என் தலையிலயா? வண்டி சூடா இல்லப்பா, உன் கைக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். பிரித்துப் போட்டால் ஆறிவிடும் என்று அன்றைக்கே பிரித்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டுகள் இரண்டும் இப்போது மேஜைமேல் துணியில் கிடந்தன. அவை இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது.

ஷிம் காந்தத்தில் ஒட்டியது. மெதுவாக வெளியே எடுத்தான். அப்போதுதான் கேட்டது... டிக். கொஞ்ச நேரம் கழித்து... டிக். வெகுதூரம் ஓடிவந்து நின்ற வண்டி ஆறும்போது இரும்பு போடும் சத்தம். சூட்டு எண்ணெய் வாசனை. மேஜைக்குப் போய்த் துணியை விலக்கி கேம்ஷாஃப்டைத் தொட்டான்.

அதுவும் சூடு.

வண்டி, சின்யோரா ஆர்ஜியா என்று ஊர் மரியாதையாகக் கூப்பிடும் அம்மாளுடையது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். அவருடைய கணவர் எர்மெஸ் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மூடுபனி ராத்திரியில், இதே கரையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர். திரும்பவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு செய்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஆர்ஜியா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் மனசைத் தேற்றிக்கொண்டு விற்கச் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வருகிறார். அதற்குள் வால்வைச் சரிசெய்து தருவதாக லோரிஸ் வாக்குக் கொடுத்திருந்தான். ஏற்கெனவே மூன்று பட்டறைகள் காரணம் சொல்லாமல் வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தன. நாலாவது ஏமாளி இவன்.

ஆர்ஜியாவுக்குப் போன் செய்தான். முதல் மணியிலேயே எடுத்தார். வண்டி ஏன் ஆற மாட்டேன் என்கிறது என்று கேட்டான். பழைய வண்டி, அதற்கென்று ஒரு குணம் இருக்கும் என்றார். மறுபடி கேட்டான். வெளியே மூடுபனியா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றான். ஆற்றுப் பக்கக் கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு களைப்பு... பயப்படக்கூடத் தெம்பில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எண்ணெயை வடித்தான். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான். ஆவி பறந்தது. பிறகு குளிர்காற்று படட்டும் என்று ஆற்றுப் பக்கக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தான். மூடுபனி உள்ளே வந்து வண்டியைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். டிக்... டிக்... இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. டிக்... கண் சொக்கியது.

எப்போது நின்றது என்று தெரியாது. விழித்தபோது சத்தம் இல்லை. எஞ்சினைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. வாய்விட்டுச் சிரித்தே விட்டான். கேம்ஷாஃப்டை மாட்டினான், அளந்தான், ஷிம் மாற்றினான், மறுபடி அளந்தான். அளவுத் தகடு ஒவ்வொரு வால்விலும் வெண்ணெயில் கத்தி போல இழுபட்டது. மூடியைப் போட்டு முடிக்கும்போது விடிந்திருந்தது.

வண்டியைத் துடைத்துவைக்கலாம் என்று கதவைத் திறந்தான். டிரைவர் சீட் சொதசொதவென்று ஈரம். கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தான். ஆனால் மழை பெய்யவில்லை. கிளட்ச் பெடல்மேல் கறுப்புச் சேறு, ஆற்றடி வாடை. துணியால் ஒற்றினான். பிழிந்துவிட்டு வந்து பார்த்தால்... மறுபடி ஈரம்.

ஒரு கையில் ஈரத்துணியோடு மறு கையால் போனை எடுத்தான். எஞ்சின் ஒருவழியாக ஆறிவிட்டது, வேலை முடிந்தது, சீட் மட்டும் நனைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் காயவைத்துவிடுகிறேன் என்று சொன்னான்.

எந்த சீட் என்று கேட்டார். டிரைவர் சீட் என்றான்.

"சின்யோரா, இந்தத் தடவையாவது நேரா பதில் சொல்லுங்க. இத்தனை நாள் இந்த வண்டி ஏன் ஆறல?"

"'எஞ்சின் ஆறுறதுக்குள்ள வந்துடுறேன், நீ இறங்காதே'ன்னு சொல்லிட்டுத்தான் அவர் கரை இறங்கிப் போனார், லோரிஸ்." போனில் அவர் கோட்டு போட்டுக்கொள்ளும் சத்தம், சாவிக்கொத்துச் சத்தம். "துடைக்காதீங்க. இதோ கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அவரைக் கொஞ்சம் உக்காந்திருக்கச் சொல்லுங்க."